ராஜபாளையத்துப் பிரதமர்

1949 ஏப்ரல் 6-ஆம் தேதி சென்னை மாகாணத்தின் பிரதமராகப் பி.எஸ். குமாரசாமி ராஜா பொறுப்பேற்றார். அதற்கு முந்தைய மாதங்களில் தேர்தல் எதுவும் நடக்கவில்லை. மாகாணத்தில் கடைசியாக ஓட்டுப் பெட்டி வைக்கப்பட்டது 1946-இல். அந்த ஒரு தேர்தலில் உருவான சட்டமன்றத்துக்கு அவர் மூன்றாவது பிரதமர். அப்போது டில்லியில் நேரு ஒரு பிரதமர், சென்னையில் ராஜபாளையத்துக்காரர் ஒரு பிரதமர். 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி மாகாண அரசின் தலைவருக்கும் அந்தப் பெயரே வழங்கியது. 1950 ஜனவரி 26-இல் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகுதான் அது முதலமைச்சர் பதவி ஆயிற்று. ஆகவே சென்னையின் கடைசிப் பிரதமரும் முதல் முதலமைச்சரும் ஒருவரே. நாற்காலி மாறவில்லை, பெயர்ப்பலகை மட்டும் மாறியது.

1946 தேர்தல் இன்றைய பொருளில் பொதுத்தேர்தல் அல்ல. சொத்து உள்ளவர், வரி கட்டியவர், குறிப்பிட்ட அளவு படித்தவர் ஆகியோருக்கே வாக்கு இருந்தது. ராஜபாளையத்திலிருந்து வன்னியம்பட்டி வழியே ஸ்ரீவில்லிபுத்தூர் வரை மலையடிவாரக் காடுகரைகளில் கூலிக்கு உழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தப் பட்டியலில் இல்லை. 215 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கைக் காங்கிரஸ் பிடித்தது. எதிரே நின்று ஆட்சியைக் கவிழ்க்கும் பலம் எந்தக் கட்சிக்கும் கிடையாது. அப்படியிருந்தும் ஆட்சி இரண்டு முறை கை மாறியது. கட்சி ஒன்றாக இருந்தாலும் அதற்குள் தமிழ், ஆந்திர, மலையாளப் பகுதி உறுப்பினர்கள் தனித்தனி அணிகளாக நின்றதே காரணம்.

முதலில் வந்தவர் 'ஆந்திர கேசரி' தங்குதூரி பிரகாசம். காந்தியும் டில்லித் தலைமையும் ராஜாஜியை விரும்பினார்கள். 1940 முதல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜரின் அணிக்கு அதில் உடன்பாடில்லை. இந்த இழுபறியில் 1946 ஏப்ரல் 30-இல் பிரகாசம் பிரதமரானார். கதர் வளர வேண்டும் என்பதற்காகப் புதிய நூற்பாலைகளுக்குத் தடை போட அவர் முயன்றார். ராஜபாளையம் போல அப்போதுதான் ஆலைகள் முளைத்து வந்த ஊர்களுக்கு இது கசப்பான செய்தி. வேறு பிணக்குகளும் சேர்ந்துகொள்ள, சொந்தக் கட்சி உறுப்பினர்களே நம்பிக்கையில்லை என்று கூறிவிட்டனர். 1947 மார்ச்சில் பிரகாசம் விலகினார்.

அடுத்து வந்தவர் திண்டிவனம் பக்கத்து ஓமந்தூரைச் சேர்ந்த ராமசாமி ரெட்டியார். பதவிக்கு அலையாத விவசாயி என்று பெயர் பெற்றவர். 1947 மார்ச் 23 முதல் இரண்டாண்டுகளே இருந்தார். அதற்குள் தேவதாசி முறை ஒழிப்பு, ஆலய நுழைவு உரிமை, ஜமீன் ஒழிப்பு ஆகிய மூன்று பெரிய சட்டங்களை நிறைவேற்றினார். தேர்தல் இல்லாமல் வந்தவர் காபந்து வேலைதான் பார்ப்பார் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டாண்டுகளைப் பார்க்க வேண்டும். ஆனால் சிபாரிசு கேட்டு வந்த சட்டமன்ற உறுப்பினர்களிடம் அவர் காட்டிய கண்டிப்பு கட்சிக்குள் பகையை வளர்த்தது. கட்சி ஆதரவு கரைந்ததும் விலகி, வள்ளலாரின் வடலூருக்குப் போய்விட்டார்.

மூன்றாவதாகத் தேர்வு செய்யப்பட்ட குமாரசாமி ராஜா 1898 ஜூலை 8-இல் ராஜபாளையத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். காந்தியின் இயக்கத்தில் ஈடுபட்டவர், அதிர்ந்து பேசாதவர். காமராஜர் அணியின் ஆதரவு அவருக்கு இருந்தது. அவர் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட ராஜு சமூகத்தவர். பிறந்து வளர்ந்து அரசியல் செய்ததெல்லாம் தமிழ் மண்ணில். ஆந்திர உறுப்பினர்களும் தமிழ் உறுப்பினர்களும் முறைத்துக்கொண்டிருந்த கட்சியில் இந்தப் பொருத்தம் உதவாமல் போயிருக்காது. அவரது அமைச்சரவையில் ஆந்திரத்திலிருந்து கோபால ரெட்டியும் இளைஞரான நீலம் சஞ்சீவ ரெட்டியும், மலபாரிலிருந்து மாதவ மேனனும், தென் கன்னடத்திலிருந்து ஏ.பி. ஷெட்டியும், தமிழ்ப் பகுதியிலிருந்து பக்தவத்சலமும் இருந்தனர். நான்கு மொழிகள் பேசிய மாகாணத்துக்கு நான்கு மொழி அமைச்சரவை.

தேர்தலே நடக்காமல் ஒருவர் இப்படி ஆட்சித் தலைமைக்கு வருவது சட்டப்படி சரியா என்ற கேள்வி அன்றும் எழுந்தது, இன்றும் எழுகிறது. விடை எளிது. நாடாளுமன்ற முறையில் வாக்காளர் பிரதமரைத் தேர்ந்தெடுப்பதே இல்லை. தொகுதிக்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறார். அந்த உறுப்பினர்களில் பெரும்பான்மையோரின் நம்பிக்கை யாருக்கு இருக்கிறதோ அவரை ஆளுநரோ குடியரசுத் தலைவரோ ஆட்சி அமைக்க அழைக்கிறார். அரசமைப்புச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு மத்திய அமைச்சரவைக்கும், 164-ஆம் பிரிவு மாநில அமைச்சரவைக்கும் இதே விதியைச் சொல்கின்றன. அமைச்சரவை மக்களவைக்கு, அல்லது சட்டமன்றத்துக்குக் கூட்டுப் பொறுப்பு உடையது. அவையின் ஆயுள் ஐந்தாண்டு. அதற்குள் அவையின் நம்பிக்கை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறினால் தலைவரும் மாறுவார். அதற்காக மக்களிடம் மறுபடி போயாக வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. மரணம், ராஜினாமா, கட்சிக்குள் கலகம், கூட்டணி முறிவு, நீதிமன்றத் தீர்ப்பு என்று மாற்றத்துக்குக் காரணம் எதுவாகவும் இருக்கலாம்.

அவையில் உறுப்பினராக இல்லாதவரும் பதவியேற்கலாம். ஆறு மாதத்துக்குள் உறுப்பினராகிவிட வேண்டும். இந்த ஆறு மாத வாசலை நீதிமன்றங்கள் ஒப்புக்கொண்டுள்ளன. தேவகவுடா 1996-இல் நாடாளுமன்றத்தின் எந்த அவையிலும் உறுப்பினராக இல்லாமல் பிரதமரானதை எதிர்த்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. ஆனால் ஆறு மாதம் முடிந்ததும் விலகி, தேர்தலில் வெல்லாமலேயே மீண்டும் பதவியேற்கும் தந்திரத்தைப் பஞ்சாப் அமைச்சர் ஒருவர் வழக்கில் 2001-இல் அதே நீதிமன்றம் தடுத்தது.

இதற்கு நேர் எதிரான காட்சியையும் சென்னை கண்டிருக்கிறது. 1937 தேர்தலில் காங்கிரஸ் பெரும் வெற்றி பெற்றது. ஆனால் ஆளுநர் தம் தனி அதிகாரங்களைக் கொண்டு தலையிடமாட்டேன் என்று உறுதி தராதவரை பதவியேற்கமாட்டோம் என்று மறுத்துவிட்டது. ஆளுநர் எர்ஸ்கின் வேறு வழியின்றிக் கூர்மா வெங்கட ரெட்டி நாயுடுவைப் பிரதமராக்கினார். பொதுத்தேர்தல் முடிந்த கையோடு வந்தும் சட்டமன்றப் பெரும்பான்மை கிடையாத அந்த ஆட்சி ஏப்ரல் முதல் ஜூலை வரை, அவையைச் சந்திக்காமலே ஓடியது. காங்கிரஸ் மறுப்பைக் கைவிட்டதும் ஜூலை 14-இல் அதன் தலைவர் ராஜாஜி பதவியேற்றார். பிரதமரை நிலைநிறுத்துவது தேர்தல் நடந்த தேதி அல்ல, அவையின் நம்பிக்கை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

குமாரசாமி ராஜாவின் மூன்றாண்டுகள் கொந்தளிப்பானவை. தெலங்கானா ஆயுதப் போராட்டத்தின் அனல் சென்னை மாகாணத்திலும் வீசிய காலம் அது. கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டது, நூற்றுக்கணக்கானோர் விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்டனர். 1950 பிப்ரவரி 11-இல் சேலம் மத்தியச் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் கொல்லப்பட்டனர். மென்மையான மனிதர் என்று எல்லோரும் சொல்லும் ஒருவருடைய ஆட்சியில் நடந்தது இது. அந்த ஆட்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

அரசமைப்புச் சட்டம் புதிது என்பதால், குடிமகனின் உரிமை எதுவரை, அரசின் அதிகாரம் எதுவரை என்ற எல்லைக் கோடுகள் அப்போதுதான் வரையப்பட்டன. அவற்றுள் முக்கியமான சில வழக்குகளில் எதிர்வாதி சென்னை அரசே. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் தடுப்புக்காவல் வழக்கில் 1950 மே மாதம் அரசு பெருமளவு வென்றது. 'கிராஸ் ரோட்ஸ்' வார இதழ் மாகாணத்துக்குள் வரக்கூடாது என்று போட்ட தடையை எதிர்த்து ரொமேஷ் தாப்பர் தொடுத்த வழக்கில் அதே மாதம் அரசு தோற்றது. பேச்சுரிமை பற்றிப் பேசும் சட்ட மாணவர் இன்றும் தொடங்குவது அந்தத் தீர்ப்பிலிருந்துதான். கல்லூரி இடங்களைச் சமூக வாரியாகப் பங்கிட்ட வகுப்புவாரி உத்தரவைச் செண்பகம் துரைராஜன் வழக்கில் உயர் நீதிமன்றம் 1950-இலும் உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரல் 9-இலும் செல்லாது என்று தள்ளின. தமிழ்நாடு கொதித்தது. பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தினரும் தெருவுக்கு வந்தனர். இரண்டே மாதத்தில், 1951 ஜூன் மாதம், அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் நிறைவேறியது. பிற்படுத்தப்பட்டோருக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் தனி ஏற்பாடு செய்ய அரசுக்கு இடம் தரும் 15(4) அப்படித்தான் வந்தது. கோயில் நிர்வாகத்தை வாரியத்திடமிருந்து எடுத்து ஆணையரின் கீழ் ஓர் அரசுத் துறையாக மாற்றிய 1951-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டமும் இந்த ஆட்சியில் நிறைவேறியதே.

ஆந்திரப் பிரிவினை இன்னொரு தலைவலி. 1949-இல் அமைந்த பிரிவினைக் குழுவுக்குக் குமாரசாமி ராஜாவே தலைவர். முன்னாள் பிரதமர் பிரகாசம் அதில் உறுப்பினர். சென்னை நகரம் யாருக்கு என்பதில் பிரகாசம் தனிக் குறிப்பு எழுத, காரியம் நின்றுபோனது. பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதமிருந்து உயிர்விட்ட பிறகே, 1953 அக்டோபர் 1-இல் ஆந்திரம் பிரிந்தது.

1951 இறுதியிலும் 1952 தொடக்கத்திலுமாக, 21 வயது நிறைந்த எல்லோருக்கும் வாக்கு என்ற முதல் பொதுத்தேர்தல் நடந்தது. முன்பு பட்டியலில் இல்லாத கூலிக்காரரும், படிக்காத பெண்களும் வரிசையில் நின்றார்கள். அரிசித் தட்டுப்பாடும் ரேஷன் கெடுபிடியும் அவர்கள் மனதில் இருந்தன. 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. அமைச்சர்களில் பலர் தோற்றனர். குமாரசாமி ராஜாவும் தம் சொந்த வட்டாரமான ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றார். தேர்தல் இல்லாமல் வந்தவரை, நாட்டின் முதல் முழுத் தேர்தல் வீட்டுக்கு அனுப்பியது. அவர் அதை முணுமுணுப்பின்றி ஏற்றுக்கொண்டார். பின்னர் 1954 முதல் 1956 வரை ஒரிசாவின் ஆளுநராக இருந்தார். ராஜபாளையத்தில் தாம் வாழ்ந்த வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். 1957-இல் காலமானார்.

பெரும்பான்மை இல்லாத காங்கிரசைக் காப்பாற்ற ராஜாஜி அழைத்து வரப்பட்டார். அவர் தேர்தலில் நிற்கவே இல்லை. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரைச் சட்ட மேலவைக்கு நியமித்தார். 1952 ஏப்ரல் 10-இல் ராஜாஜி முதலமைச்சரானார். கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி இந்த நியமனத்தை எதிர்த்து உயர் நீதிமன்றம் சென்றார். வழக்கு தள்ளுபடியானது. சட்டப்படி செல்லுபடியான காரியமே. ஆனால் 'கொல்லைப்புற வழியாக வந்தவர்' என்ற பேச்சு கடைசிவரை அவரை விடவில்லை. 1953-இல் கொண்டுவந்த குலக்கல்வித் திட்டத்துக்கு எதிர்ப்பு வலுத்தபோது அந்தப் பேச்சு மேலும் கூர்மையடைந்தது. அவைக்குள் போதுமான கைகள் இருந்தன. வெளியே அவருக்கென்று ஒரு தொகுதி இல்லை.

ராஜாஜி விலகியதும் மறுபடியும் மலையடிவாரத்தின் பக்கமே காற்று திரும்பியது. 1952 தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதியில் வென்று டில்லி சென்றவர் காமராஜர். முதலமைச்சர்களை உருவாக்குவதே தம் வேலை, தாமே உட்காருவது அல்ல என்று இருந்தவரை இம்முறை கட்சி விடவில்லை. 1954 மார்ச்சில் சட்டமன்றக் கட்சியில் வாக்கெடுப்பு நடந்தது. காமராஜருக்கு 93, ராஜாஜியின் ஆதரவு பெற்ற சி. சுப்பிரமணியத்துக்கு 41. ஏப்ரல் 13-இல் காமராஜர் பதவியேற்றார். எதிர்த்து நின்ற சுப்பிரமணியத்தையும், சுப்பிரமணியத்தின் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார்.

அவருக்கும் சட்டமன்றத்தில் இடமில்லை, ஆறு மாதம் கெடு. ராஜாஜி நுழைந்த மேலவை வாசல் திறந்தே இருந்தது. காமராஜர் அந்தப் பக்கம் போகாமல், தம் சொந்த மாவட்டமும் அல்லாத குடியாத்தத்தில் இடைத்தேர்தலுக்கு நின்றார். கம்யூனிஸ்ட் கட்சி எதிர்த்துப் போட்டியிட்டது. பெரியாரும் தி.மு.க.வும் காமராஜருக்கு ஆதரவு தந்தனர். வென்றார். மாநிலம் முழுதும் அல்ல, ஒரு தொகுதிதான் வாக்களித்தது. ஆனாலும் நேரடியாக மக்களிடம் போய் நின்றுவிட்டதால், கொல்லைப்புறப் பேச்சு எழ வழியில்லாமல் போயிற்று. தேர்தல் இல்லாமல் வந்த ஆட்சித் தலைவர்களில் இந்த முன்யோசனை எல்லோருக்கும் இருந்ததில்லை. 1957, 1962 தேர்தல்களில் சாத்தூரில் வென்று, ஒன்பதாண்டுக்கு மேல் ஆண்டார்.

இந்த அனுபவம் பிறகு டில்லிக்குப் பயன்பட்டது. 1964 மே 27-இல் நேரு இறந்தபோது காங்கிரசின் அகில இந்தியத் தலைவர் காமராஜர். சுதந்திர இந்தியாவில் பிரதமர் மாற்றம் என்பது அதுவரை நிகழாத ஒன்று. அன்றே குல்சாரிலால் நந்தா இடைக்காலப் பிரதமராகப் பதவியேற்றார். காமராஜர் உறுப்பினர்களையும் மாநிலத் தலைவர்களையும் ஒவ்வொருவராகச் சந்தித்துக் கருத்துக் கேட்டார். போட்டியிட நினைத்த மொரார்ஜி தேசாய் ஒதுங்கிக்கொள்ள, ஜூன் 2-இல் லால் பகதூர் சாஸ்திரி ஒருமனதாகத் தேர்வானார். ஜூன் 9-இல் பதவியேற்பு. இரண்டே வாரத்தில் முடிந்தது.

சாஸ்திரி 1966 ஜனவரி 11-இல் தாஷ்கண்டில் இறந்தார். மீண்டும் நந்தா, மீண்டும் காமராஜர். இம்முறை மொரார்ஜி ஒதுங்கவில்லை. ஜனவரி 19-இல் காங்கிரஸ் நாடாளுமன்றக் கட்சியில் ரகசிய வாக்கெடுப்பு நடந்தது. இந்திரா காந்திக்கு 355, மொரார்ஜிக்கு 169. ஏறக்குறைய 50 கோடி மக்கள் வாழ்ந்த நாட்டின் பிரதமரை 524 பேர் ஓர் அறைக்குள் முடிவு செய்தனர். இந்திரா அப்போது மக்களவை உறுப்பினர்கூட இல்லை, மாநிலங்களவையில் இருந்தார். எந்தக் காமராஜர் அவரைக் கொண்டுவந்தாரோ அவரையே மூன்றாண்டில், 1969 பிளவில், இந்திரா எதிரணியில் நிற்க வைத்தார். அறைக்குள் ஓட்டு வாங்கி வந்தவர் அறைக்குள் இருந்தவர்களுக்கே அடங்கியிருப்பார் என்ற கணக்கு அங்கே பிசகியது.

அதன் பிறகு டில்லியில் இத்தகைய பதவியேற்புகள் அடிக்கடி நடந்தன. 1979 ஜூலை 28-இல் சரண் சிங் பிரதமரானார். நியமித்த குடியரசுத் தலைவர், ஒரு காலத்தில் குமாரசாமி ராஜா அமைச்சரவையில் இளைஞராக இருந்த நீலம் சஞ்சீவ ரெட்டி. ஆதரவு தருவதாகச் சொன்ன இந்திரா கைவிட்டதால், சரண் சிங் மக்களவையைப் பிரதமராக ஒரு நாளும் சந்திக்காமலே ஆகஸ்ட் 20-இல் விலகினார். 1984 அக்டோபர் 31-இல் தாயார் கொல்லப்பட்ட அன்றே ராஜீவ் காந்தி பதவியேற்று, இரண்டே மாதத்தில் பொதுத்தேர்தலுக்குப் போய்ப் பெருவெற்றி பெற்றார். 1990 நவம்பரில் அறுபது பேர் அளவுக்கே சொந்த அணி வைத்திருந்த சந்திரசேகர், ராஜீவின் வெளி ஆதரவில் பிரதமரானார். பொதுத்தேர்தல் வழியே வராத அந்த அரசுதான் 1991 ஜனவரி 30-இல், பொதுத்தேர்தலில் வென்று வந்த தமிழ்நாட்டின் தி.மு.க. ஆட்சியைக் கலைத்தது. 1997 ஏப்ரலில் தேவகவுடா வீழ, ஐ.கே. குஜ்ரால் வந்தார். அவரும் மாநிலங்களவை உறுப்பினரே.

தமிழ்நாட்டில் இதே வழி முதலமைச்சர் பதவிக்குப் பலமுறை திறந்திருக்கிறது. 1963 அக்டோபர் 2-இல் காமராஜர் கட்சிப் பணிக்காக விலக, பக்தவத்சலம் வந்தார். 1967-இல் கட்சியும் தோற்றது, அவரும் தோற்றார். விருதுநகரில் காமராஜரே தோற்ற தேர்தல் அது. 1969 பிப்ரவரி 3-இல் அண்ணா மறைந்ததும் நெடுஞ்செழியன் இடைக்காலமாகப் பொறுப்பேற்க, ஒரு வாரத்தில் கருணாநிதி முதலமைச்சரானார். 1971 தேர்தலில் 184 இடங்களோடு தி.மு.க. திரும்பி வந்தது. ஒரே வழியாக வந்த இருவரில் ஒருவரை வாக்காளர் தள்ளினார், மற்றவரைத் தூக்கிப் பிடித்தார்.

எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24-இல் மறைந்தபோது நடந்தது வேறு. அ.தி.மு.க. இரண்டாகப் பிளந்தது. எம்.ஜி.ஆரின் மனைவி ஜானகி 1988 ஜனவரி 7-இல் முதலமைச்சரானார். ஜனவரி 28-இல் நம்பிக்கை வாக்கெடுப்பன்று சட்டமன்றத்துக்குள் அடிதடி நடந்து, போலீஸ் உள்ளே புகுந்தது. இரண்டு நாளில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. 1949-இல் கட்சிக்குள் கை தூக்கி முடித்துக்கொண்ட காரியம், 1988-இல் அவைக்குள் மைக்குகள் பறக்கும் காரியமாகிவிட்டது. நடுவில் 1985-இன் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்திருந்தது. அதன்பின் கட்சிக்குள் யார் பக்கம் எத்தனை பேர் என்பது, யாருடைய பதவி பறிபோகும் என்ற கேள்வியாகவும் ஆனது.

2001-இல் இன்னொரு பாதை. தேர்தலில் நிற்க முடியாதபடி தண்டனை பெற்றிருந்த ஜெயலலிதாவை முதலமைச்சராக நியமித்தது செல்லாது என்று செப்டம்பர் 21-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அன்றே ஓ. பன்னீர்செல்வம் பதவியேற்றார். மேல்முறையீட்டில் விடுதலையாகி, ஆண்டிப்பட்டி இடைத்தேர்தலில் வென்ற பிறகு 2002 மார்ச்சில் ஜெயலலிதா திரும்பினார். 2016 டிசம்பரில் அவர் மறைந்ததும் மூன்றாம் முறையாகப் பன்னீர்செல்வம் முதலமைச்சரானார். இரண்டு மாதத்தில் கட்சி பிளந்தது. உறுப்பினர்கள் கூவத்தூர் விடுதியில் தங்கவைக்கப்பட்ட நாட்களை ஊரே தொலைக்காட்சியில் பார்த்தது. 2017 பிப்ரவரி 16-இல் எடப்பாடி பழனிசாமி பதவியேற்று, 18-ஆம் தேதி எதிர்க்கட்சியான தி.மு.க. வெளியேற்றப்பட்ட அவையில் 122-க்கு 11 என்று நம்பிக்கை வாக்குப் பெற்றார். பின்னர் அவருக்கு எதிராகத் திரும்பிய 18 உறுப்பினர்களின் பதவி பறிக்கப்பட்டது. 2019-இல் நடந்த 22 இடைத்தேர்தல்களில் அ.தி.மு.க. ஒன்பதில் வென்று ஆட்சியைத் தக்கவைத்தது. அந்த ஒன்பதில் சாத்தூரும் ஒன்று. பழனிசாமி அரசுக்கு 2021 வரை கிடைத்த மக்கள் தீர்ப்பு இடைத்தேர்தல்களின் தீர்ப்புதான்.

'மக்கள் தேர்ந்தெடுக்காத முதல்வர்' என்பது எதிர்க்கட்சி மேடைக்கு எளிதில் கிடைக்கும் வசை. தமிழ்நாட்டின் பெரிய கட்சிகள் மூன்றும் இதை வீசியுமிருக்கின்றன, வாங்கியுமிருக்கின்றன. சட்டத்தின் கண்ணில் அதற்கு மதிப்பில்லை. ஆனால் வாக்கு இயந்திரத்தில் வேட்பாளரின் பெயர் இருந்தாலும் வாக்காளர் பெரும்பாலும் தலைவரின் முகத்தைப் பார்த்தே வாக்களிக்கிறார். அந்த முகம் நடுவழியில் மாறும்போது தாம் ஏமாற்றப்பட்டதாக அவர் நினைப்பதைக் குற்றம் சொல்ல முடியாது. 1946-இல் கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்களுக்கு இந்த வருத்தம் குறைவு. தலைவர் யார் என்பது அப்போது தேர்தல் முடிந்த பிறகே பேசப்பட்டது.

இலங்கை இந்தச் சிக்கலைப் பல கோணங்களில் கண்டது. முதல் பிரதமர் டி.எஸ். சேனநாயக்க 1952 மார்ச் 22-இல், குதிரையிலிருந்து விழுந்ததை அடுத்து இறந்தார். மகன் டட்லி நான்கு நாளில் பதவியேற்றார். உடனே நாடாளுமன்றத்தைக் கலைத்து, மே மாதத்திலேயே தேர்தலில் வென்று தம் பதவிக்கு மக்கள் முத்திரை பெற்றார். மறு ஆண்டே அரிசி விலையேற்றத்தால் வெடித்த ஹர்த்தாலில் அவர் பதவியிழக்க, ஜோன் கொத்தலாவல தேர்தல் இன்றி வந்தார். எழுபதாண்டு கழித்து, 2022 மே 12-இல் பிரதமரான ரணில் விக்கிரமசிங்க 2020 தேர்தலில் தம் தொகுதியை இழந்தவர். கட்சிக்குக் கிடைத்த ஒரே தேசியப் பட்டியல் இடத்தின் வழியே நாடாளுமன்றத்துக்குள் வந்தவர். ஜூலை 20-இல் அதே நாடாளுமன்றம் 134 வாக்குகளால் அவரைக் குடியரசுத் தலைவராகவும் ஆக்கியது. அந்த ஆண்டு பிரிட்டனிலும் இருவர், லிஸ் டிரஸ்ஸும் ரிஷி சுனக்கும், பொதுத்தேர்தல் இல்லாமல் அடுத்தடுத்துப் பிரதமரானார்கள். டிரஸ்ஸைத் தேர்ந்தெடுத்தவர்கள் சந்தா கட்டிய கட்சி உறுப்பினர்கள். சுனக் போட்டியின்றியே வந்தார்.

இம்முறையைத் திருத்த யோசனைகள் இல்லாமலில்லை. ஜெர்மனியின் அரசமைப்பில், பதவியில் இருப்பவரைக் கவிழ்க்க வேண்டுமானால் அதே தீர்மானத்தில் அடுத்தவரைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். வெறுமனே வீழ்த்த முடியாது. 1982 அக்டோபர் 1-இல் ஹெல்முட் ஷ்மித்தை நீக்கி ஹெல்முட் கோல் வந்தது இப்படித்தான். அவர் அத்தோடு நிற்காமல் 1983 மார்ச்சில் தேர்தலையும் வரவழைத்தார். இந்தியாவில் அரசமைப்பு மறுஆய்வு ஆணையம் 2002-இல் தந்த அறிக்கையில் இதையொத்த விதியைப் பரிந்துரைத்தது. தொங்கு அவை அமையும்போது பிரதமரை மக்களவையே வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கலாம் என்றும் சொன்னது. அப்படி வந்தால், கட்சி அலுவலகத்திலும் சொகுசு விடுதியிலும் முடிவாகும் விஷயம், யார் எந்தப் பக்கம் கை தூக்கினார் என்ற பதிவோடு அவைக்கு வந்துவிடும். பரிந்துரை இன்னும் சட்டமாகவில்லை. ஆளுநரின் அழைப்பு, பதவியேற்பு, அதன் பிறகு நம்பிக்கை வாக்கு என்ற பழைய வரிசையே இன்றும் நடப்பில் இருக்கிறது.